கிலோமீற்றர்

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு
தலவாக்கலைக்கு மேலே, அணைக்கட்டு தெரியும் வளைவில்
வேனை ஓரங்கட்டி
கண்ணாடிகளை முழுக்க ஏற்றுகிறேன்.
வீட்டில் ஊத முடியாது.
சுவருக்கு அந்தப்பக்கம்
ஸ்டோரில் இரவு வேலை முடித்த பன்னீர் தூங்குவான்.

மவுத்பீஸ் பனியில் கிடந்த ஆணிபோல இருக்கிறது.
கக்கத்தில் வைத்துச் சூடேற்றுகிறேன்.

எட்டாவது பார். ஒரே சுரம், நாலு தரம்.
பிரெஞ்சு ஹோர்னுக்கு அந்த இடத்தில் அவ்வளவுதான் வேலை.
நாலையும் தெளிவாய் வைத்தால் போதும்.
வைத்ததில்லை.
ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் ‘உவா’.
முன்பக்கம் வால் முளைத்த நாலு பூனைகள்.
டிரம்ஸ் அடிக்கிற மார்சலின் கேட்டான்:
“அண்ணே, பஸ் ஏத்தத்துல நின்னுருச்சா?”

முதல் மாதம் த என்று ஊதினேன்.
நாக்கு பல்லில் ஒட்டி எச்சிலோடு பிரிந்தது.
நனைந்த தீக்குச்சி.
அப்புறம் ட.
நாக்கு மேலே சுருண்டு போய்த்
திரும்பி வருவதற்குள்
மூச்சு பாதி வழி போயிருந்தது.
ல மெத்தை. ந மூக்கு.
நெடுங்கணக்கில் பாதி செலவாகிவிட்டது.

இத்தனைக்கும் இந்த வேன் ஹோர்னை
நாளுக்கு நூறு தரம் அடிக்கிறேன்.
வளைவு வந்தால் உள்ளங்கை. உடனே சத்தம்.
எதிரே வரும் கொழுந்து லொறிக்காரன்
என்ன சொன்னாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

போன ஞாயிறு மழை தகரத்தை உடைத்தது.
ஒத்திகையை நிறுத்துவதா என்று பார்க்க
கோர்னட் வாசிக்கும் யூஜினா,
லிந்துலைப் பல் கிளினிக்கில் வேலை, பிறந்தது நெடுந்தீவு,
போனில் வந்த எச்சரிக்கையை உரக்க வாசித்தாள்:
“மத்திய மலைநாட்டில்
மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில்
காற்று…”

நாங்கள் காத்து என்போம்.
எழுத்தைப் பார்த்து வாசித்தால் றகரத்தை உருட்டுவோம்,
சில்லு கல்லில் ஏறி இறங்கும்.
அவள் வாயில் எதுவும் உருளவில்லை.
பல்லுக்குச் சற்று மேலே, ஈறு மேடாகும் இடத்தில்
நாக்கு நுனி ஒரு கணம் நின்று
விலகியது.
உதைக்கவில்லை. விலகியது.
பின்னால் சேர்ந்திருந்த மூச்சு
தன் பாட்டில் புறப்பட்டது.

“இன்னொருக்கா வாசி” என்றேன்.
மண்சரிவுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து
பாவம், மாவட்டம் மாவட்டமாய் வாசித்தாள்.
நுவரெலியா, பதுளை, கேகாலை.
நான் கிலோமீற்றரையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது வேனுக்குள்
ஹோர்ன் மடியில். முதலில் வெறும் வாயால்:
ற்று. ற்று. ற்று.
தெருவில் கீரைக்கட்டோடு போன ஒருவர்
கோழியைக் கூப்பிடுகிறேன் என்று
சீற்றுக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

குழாய்க்குள் களகளவென்கிறது.
கழற்றி, உருட்டி, கவிழ்த்து
மிதியடியில் கொட்டுகிறேன்
ஒரு கரண்டி மூச்சை.

இடது விரல்கள் வால்வில்.
வலது கை அகன்ற வாய்க்குள், கொஞ்சம் குவிந்து.
ஒன்று: உவா.
இருக்கட்டும்.
இரண்டு.
மூன்று

பின் சீற்றில் எங்கோ கிண்ணென்றது.

தேடினேன். நேற்று யாரோ மறந்துபோன
காலிச் சாப்பாட்டுப் பெட்டி. தகர மூடி.
இந்த வாத்தியம் முதுகுப்பக்கம்தான் பேசும்,
முன்னால் இருக்கும் எனக்கு
மிச்சம்தான் கேட்கும்.
திரும்ப ஊதினேன். கலங்கலாய் வந்தால்
மூடி சும்மா கிடக்கிறது.
நறுக்கென்று வந்தால் நடுங்குகிறது.

நாலாவது இன்னும் வழுக்குகிறது.

ஒன்றரைக்குப் பள்ளி விடும்.
பெட்டியைத் தேடி யாராவது வருவார்கள்.
அதுவரை அதை
அந்த இடத்தைவிட்டு அசைக்கப்போவதில்லை.