அடிப்பக்கம்

நாற்காலியை மேலிருந்து பார்ப்பவர்கள்
உட்கார வந்தவர்கள்.
நான் காப்பீட்டுக் கம்பெனி ஆள்,
கவிழ்த்துத்தான் பார்ப்பேன்.

ஐசிப்பிங்கோவில்
ஆறு வீடுகளுக்குள் வந்துபோன எட்டாம் நாள்.
சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு.
பல் மருத்துவர் கிஷேந்திரன் மூட்லி
பிளாஸ்டிக் உறையிலிருந்து சான்றிதழை உருவினார்.
"டென்மார்க். அறுபத்திரண்டு. ஒன்றரை லட்சம் ராண்ட்.
தொட்டுப் பாருங்கள், தெரியும்."

தொட்டால் தெரியாது, டாக்டர்.
கை படும் இடங்களில் போலி தவறுவதே இல்லை.
கைப்பிடியின் வளைவு, முதுகின் சாய்வு,
அந்தத் தேன் நிறம்,
எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும்
மனப்பாடம் செய்துவந்த பையன் மாதிரி.
பாடத்தில் இல்லாததைக் கேட்க வேண்டும்.

டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
ஈரத் தரையில் மல்லாந்து படுத்தேன்.
திருகாணித் தலைகளில் கூட்டல் குறி.
அந்தப் பட்டறைக்காரர்கள்
ஒற்றைக் கோட்டைத் தவிர வேறெதையும் முடுக்கியதில்லை.
துணிக்கடியில் ஸ்டேப்ளர் ஊசிகள்,
புத்தம் புதிய துரு.
சுட்டுப் பதித்த முத்திரையும் இருந்தது;
எழுத்தெல்லாம் ஒரே ஆழம்,
எங்கேயும் ஒரு கை சற்று அதிகமாக அழுத்தவில்லை.
மிச்ச வேலையைத் தண்ணீரே முடித்திருந்தது:
தேக்குத் தோல் காகிதம்போல் உரிந்து
உள்ளிருந்து ஏதோ ஒரு வெளிர் மரம்
திருதிருவென்று விழித்தது.

"பழைய படம் ஏதாவது?"
மகளின் பட்டமளிப்பு நாள், அவர் கைபேசியில்.
அங்கி கசங்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.
நான் அவளைப் பெரிதாக்கவில்லை,
இடது கைப்பிடியைப் பெரிதாக்கினேன்.
கண் போல ஒரு கணு.

இதில் விரலை ஓட்டினேன்.
கணு இல்லை.

நிமிர்ந்தபோது
சமையலறை வாசலில் அவர் மனைவி சுலோஷனி,
கையில் சேறு வழித்த துடைப்பம்.
நாற்காலியைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள், பிறகு அவரை.

"இதில் அடிக்கடி உட்காருவீர்களா?"
"தினமும். இரவுச் செய்தி முடியும்வரை.
வேறெதில் உட்கார்ந்தாலும் எனக்கு முதுகு வலிக்கும்."

அவள் வாய் லேசாகக் கோணியது.
சிரிப்பா, வேறா என்று
கவிழ்த்துப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
எந்தக் கிழமை மாறியது என்று கேட்கக் கட்டமில்லை,
அந்தப் பணம் எந்த ஓட்டையை அடைத்தது என்றும்.
இரண்டாவதில் குறியிட்டேன்.
"அலுவலகத்தில்தான் முடிவு செய்வார்கள்" என்று
அவரிடம் சொன்னேன்.
நல்ல நகல், என் பொய்யும்.

கார்வரை வந்தாள்.
ஜன்னல் கண்ணாடியை நான் இறக்கியதும்
யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்:

"மாற்றிவைத்த அன்று சாயங்காலம்
இவர் அதில் சாய்ந்து உட்கார்ந்து,
'பளிச்சென்று இருக்கிறதே,
பாலிஷ் போட்டாயா?' என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்."