பதினான்கு புள்ளி இரண்டு

லோஷினி மூன்று நாளாய் எதுவும் தின்னவில்லை.
பிறகு எங்கிருந்து வந்தது
ரத்தத்தில் இவ்வளவு சீனி?

பயந்த உடம்பு தானே காய்ச்சிக்கொள்ளும் என்கிறார் டாக்டர்.
மோட்டார் சைக்கிள் சறுக்கியபோது
ஹெல்மெட் என் தலையில்தான் இருந்தது.

கீழே கடையில்
தே தாரிக், கூராங் மானிஸ் என்று
வாய் தானாகச் சொல்கிறது.
குடிக்காமல் மேலே வருகிறேன்.

மணிக்கொரு தடவை மிஸ்ஸி நோர்லைலா
விரல் மாற்றி விரல் குத்துகிறாள்.
பதினான்கு புள்ளி இரண்டு.
பதினொன்று.
ஒன்பது புள்ளி ஆறு.
இறங்குவது நல்லதாம்; ரொம்ப இறங்கினால் அதுவும் ஆகாதாம்.
எந்த எண்ணுக்கும் கண் திறக்கவில்லை.

ஜாலான் பகாங்கில் முதல் பஸ் ஓடும் நேரம்.
மோதிர விரல்.
ஊசி பட்டதும்
வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள் கையை.

மிஸ்ஸியும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
சொட்டு ரத்தம் போர்வையில் விழுந்தது.
மீட்டர் காலியாய் மின்னிக்கொண்டே இருந்தது.