எட்டுப் பாகை, நாற்பத்தொரு கலை

ரீகாவில் பிற்பகல் நாலு மணிக்கே விளக்கு.
தௌகவா உறைந்து
எது ஆறு எது கரை என்று தெரியாமல் கிடக்கிறது.
பூட்ஸைக் கழற்றி ஹீட்டரடியில் வைத்துவிட்டு
விஸ்வால்திஸ் கேட்டார்:
"எங்கள் இருவருக்கும் நடுவே
ஒரு கோடுகூடவா இல்லை?"

இல்லை.
அவருடைய சந்திரனுக்கும் ஸ்கைத்ரீட்டேயின் சுக்கிரனுக்கும்
நூற்றிருபது பாகை என்றால் திரிகோணம்,
திரையில் நீலக் கோடு விழும்.
இருந்ததோ நூற்றிருபத்தெட்டு,
மேற்கொண்டு நாற்பத்தொரு கலை.
நான் விட்டுக்கொடுப்பது ஆறு பாகை.

"விட்டுக்கொடுப்பதா?"
ஆர்ப் என்போம்.
இவ்வளவு பிசகினாலும்
பார்வை பார்வைதான் என்று ஒத்துக்கொள்கிற அளவு.

லிஃப்ட் பழுதுபார்ப்பவர். உடனே பிடித்துக்கொண்டார்.
"பெட்டி என்றைக்கும் தளத்துக்கு நேராக நிற்காது.
பத்து மில்லிமீட்டர்வரை விட்டுவிடுவேன்.
அதைத் தாண்டினால் யாருக்காவது கால் இடறும்."
பிறகு,
"உங்கள் ஆறு யார் வைத்தது?"

சிலர் எட்டு வைப்பார்கள், சிலர் மூன்று,
சந்திரனுக்கென்றால் பத்துகூட.
நான் ஆறு வைத்தது
மணமுறிவுத் தீர்ப்பு வந்த வாரம்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

பிறந்த நேரம் தவறாக இருக்குமோ என்றார்.
எட்டுப் பாகை நகர
நிலவுக்கே பதினைந்து மணி நேரம் ஆகும்.
அவ்வளவு நேரம்
கடிகாரம் பார்க்காத மருத்துவச்சி உண்டா?

ஒன்பதாக்கினேன்.
கோடு விழுந்தது.
கூடவே இன்னும் பதினேழு,
சிவப்பும் நீலமுமாய்,
மாலை நேர டிராமில்
ஒருவர் தோளில் ஒருவர் முட்டி நிற்பதுபோல.
யார் யாரைப் பார்க்கிறார்கள்?

ஒன்றாக்கினேன்.
எல்லாம் இறங்கிப் போயின.
மிச்சம் ஒரே சிவப்பு:
அவருடைய புதன், அவளுடைய சனி,
நேர் சதுரம், பதினான்கு கலைதான் விலகல்.
நான் வாய் திறக்குமுன்
"இது தெரியும்" என்றார்,
"சாப்பாட்டு மேசை."

மறுபடி ஒன்பது கேட்டார்.
விளக்கம் கேட்கவில்லை.
பூட்ஸ் காயும்வரை
அந்த நெரிசலுக்குள் ஒரு நீலத்தையே
பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு பியூட்டா வந்தாள்,
கடலில் வேலைபார்க்கும் மகனின் ஜாதகத்தோடு.
எண்ணைக் குறைக்க மறந்திருந்தேன்.
"போன தடவை இந்தக் கோடு இல்லையே?"
விரல் வைத்த இடத்தில்
திரையில் ஈரம்.

இல்லைதான், என்றேன்.
மௌஸ்மேல் இருந்த கையை எடுத்துக்கொண்டு
தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.