காசு குடுத்துப் போய் மண் வெட்டினவள்

எழுதுமட்டுவாளில் மலை இல்லை.
உயரமான இடம் என்றால் தண்ணீர்த் தாங்கி.
கீரிமலைக்குப் போனாலும் கேணிதான்;
மலை பெயரோடு நின்றுவிட்டது.

ஆகவே ஆர்மேனியாவுக்கு
மலைப்பாதை வெட்டப் போகிறேன் என்றபோது
படலைக்கு வெளியே நின்ற அருள்நேசம் அண்ணர்
முதலில் கேட்டது:
"எவ்வளவு தருவினம்?"
ஒண்டும் தரமாட்டினம்.
"சாப்பாடு?"
தருவினம். கூடாரமும்.
"டிக்கெற்?"
பாதிக் காசு என்ரை.
ஏறின சைக்கிளிலிருந்து இறங்கினார்.
"காசு குடுத்துப் போய் மண் வெட்டப்போறியோ, பிள்ளை?
இஞ்சை வெட்டுறது காணாதோ?"

இங்கே நான் வெட்டுவதில்லை.
ஒன்பது வருஷமாக முகமாலையில்
மண்ணைச் சுரண்டுகிறேன்.
முழங்காலில் இருந்து,
முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடு,
கருவி கீச்சிட்ட இடத்துக்குப் பக்கவாட்டாக
விரலகலம் விரலகலமாக.
நாள் முடிய ஒரு பாய் விரிக்கும் இடம்.
சில நாள் தலையணை மட்டும்.
அகப்படுவது அநேகமாக மீன்டின் மூடி, ஆணி,
ஒருமுறை தையல் மெஷின் சில்லு.
மற்றதும் அகப்படும்.

அங்கே முதல் நாள்
ஹாஸ்மிக் என் கையில் பிக்கானைத் தந்தாள்.
தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்:
இப்படி. போடு.
எல்லாரும் போட்டார்கள்.
பிரான்சிலிருந்து வந்த தபால்காரர்,
இரண்டு மருத்துவ மாணவிகள்,
மூக்கு முழுக்க வெயிற்கிறீம் பூசிய ஒருவன்.
நான் முழங்காலில் இருந்து
புல்லை விரலால் விலக்கிக்கொண்டிருந்தேன்.
சரிவில் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.
எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. அவளுக்கும்.
"ஸ்லோ" என்றேன், என் நெஞ்சைத் தொட்டு.
அவள் என்னத்தையோ விளங்கிக்கொண்டு
தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள்.

பிறகு அந்தப் பெயின்ற்.
எங்களுக்குக் கல்லில் சிவப்பென்றால் கால் வையாதே,
வெள்ளையென்றால் வா.
அங்கே ஒரே கல்லில்
வெள்ளை, சிவப்பு, மறுபடி வெள்ளை:
பாதை இதுதான், நட என்று அர்த்தமாம்.
வெள்ளையை அடித்தேன்.
சிவப்புக்குக் கை போகவில்லை.
தபால்காரர் வந்து மிச்சத்தை அடித்துவிட்டு
ஒன்றும் கேட்காமல்
அடுத்த கல்லுக்குப் போனார்.

நாலாம் நாள், சாப்பாட்டுக்குச் சற்று முன்,
போட்டேன்.
பிக்கான் கல்லில் பட்டுக் கணீரென்றது.
நான் நின்றபடியே நின்றேன்.
இரண்டு கையும் பிடியில் இருந்தன.
பிறகு பொழுதுபடும்வரை நிறுத்தவில்லை.
கொப்புளம் உடைந்து பிடி வழுக்கியது.
அன்று நான் தனியாக பதினொரு மீற்றர்.
இரவு யசோதினிக்கு அழைத்துச் சொன்னேன்.
"பொய் சொல்லாதையடி" என்றாள்,
"எங்களுக்கு அது அரை மாதம்."

புதுப் பாதையில் முதலில் நடந்தது
யாரோ ஒருவரின் ஆடு.
கைதட்டினோம்.
அது திரும்பியும் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்து ஐந்தாம் நாள் மழை.
ஒழுங்கை முழுக்க வெள்ளம்.
பாதைக்குக் குறுக்காக, கொஞ்சம் சரிவாக,
கையகலத்தில் ஒரு கான் போதும்,
தண்ணீர் தன்பாட்டில் போகும் என்று
ஹாஸ்மிக் காட்டித் தந்திருந்தாள்.
வெட்டினேன். போனது.
நேரே அருள்நேசம் அண்ணரின் வேலிக்குள்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
சண்டைக்கு ஆயத்தமாகவே வந்தார்.
வந்தவர் கானைக் குனிந்து பார்த்தார்.
கனநேரம் பார்த்தார்.
"அங்கை நீ வெட்டின பாதையிலை
ஆர் நடக்கப்போகினம்?"
தெரியாது.
"தெரியாமலோ வெட்டினனி?"
முகமாலையிலும் அப்பிடித்தானே அண்ணை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
இடி முழங்கியது.
"மண்வெட்டியைத் தா" என்றார்.
"இதை மதகுப் பக்கம் திருப்பவேணும்.
உனக்கு மலைத் தண்ணிதான் தெரியும்."

அவர் ஓங்கினார்.
நான் என்னையறியாமல்
ஓரடி பின்னால் வந்தேன்.