வெட்டாத பத்து எழுத்து

சீதோனில் எனக்குக் கூலி எழுத்துக் கணக்கு.
பத்து எழுத்துக்கு ஒரு படி வாற்கோதுமை.
வலமிருந்து இடமாக வெட்டிக்கொண்டே போவேன்.
எஷ்மூன் பெயர் வந்தால் மட்டும்
உளி தானாகவே மெதுவாகும்.
அதன் கடைசி எழுத்து அப்படி.
ஆதியில் அது பாம்பாக இருந்ததாம்,
எங்கள் தொழிலில் சொல்வார்கள்.
கண்ணும் நாக்கும் தேய்ந்துபோய்
மிஞ்சியது ஒரு நெளிவு, ஒரு வால்.
பிணி தீர்ப்பவன் பெயர்
பாம்பில்தான் முடிகிறது.

தங்கத் தகட்டில் அவன் கையில் கோல்,
கோலில் அது.
ஊற்றடியில் நிஜமாகவும் ஒன்று உண்டு,
கறுப்பு, என் கை நீளம்,
எலி பிடித்துப் பிழைக்கிறது.
நஞ்சு குடியிருக்கும் வாய்க்குத்தான்
மருந்து போகும் வழி தெரியும் என்பார் பூசாரி.
பாம்பின் கால் பாம்பறியும், எனக்கென்ன தெரியும்.
அதைப் பார்க்காமலே எழுந்து நடந்தவர்கள் உண்டு.
பார்த்துவிட்டுச் செத்தவர்களும் உண்டு.
அதெல்லாம் கல்லில் வராது.
கல்லில் வருவது ஒன்றே:
இன்னார் கொடுத்தது, இன்ன நேர்த்திக்கு,
குரலைக் கேட்டான், வாழ்த்தட்டும்.
முப்பது வருஷம் கேட்டான் கேட்டான் என்று வெட்டியே
என் இடது காது மந்தம்.

பத்பால் வந்தாள்,
சாயப்பட்டறைக்காரி,
முழங்கை வரைக்கும் ஊதா,
அவளுக்கு முன்னால் வந்தது சங்கு அழுகிய வாடை.
பின்னால் இரண்டு பேர் சிலையைத் தூக்கி வந்தார்கள்.
தீவிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கல்.
ஒரு கை தரையில் ஊன்றி,
ஒரு கையில் புறாவோடு
உட்கார்ந்திருக்கும் அம்மணப் பையன்.
யவனச் சிற்பி அவனை ஒரே ஒரு தடவை பார்த்தவன்.
முழங்கால் மடிப்பில் கொழுகொழுவென்று
இரண்டு கோடு வைத்திருந்தான்.

அத்தி துளிர்த்தபோது காய்ச்சல் விட்டது,
நேர்ந்தபடி சிலைக்குச் சொல்லியனுப்பினாள்.
அத்தி பழுத்தபோது திரும்பி வந்தது.
கப்பல் கரை தட்டிய அன்று
அவன் மண்ணுக்குள் பதினோராம் நாள்.

சிலையை அவள் பார்க்கவில்லை.
பீடத்தைக் காட்டினாள்.
‘நேர்ந்ததைக் கொடுத்தாச்சு என்று வெட்டு.
கேட்டான் என்று மட்டும் வெட்டாதே.’

அந்த வாசகம் இல்லாமல்
கோயில் ஏற்காது அம்மா என்றேன்.
பொய். ஏற்கும்.
எனக்குத்தான் பத்து எழுத்து,
ஒரு படி போகும்.

அவள் பதில் சொல்லவில்லை.
வாய்க்கால் படியிடுக்கில் கிடந்த
பாம்புச் சட்டையைக் கண்டுவிட்டாள்.
வாயிலிருந்து வால்வரை முழுசு,
உள்ளது வெளியாகத் திரும்பி,
கண்மேல் இருந்த படலம்கூடக் கிழியாமல்.
இரு விரலால் எடுத்தாள்.
ஊதா அதில் ஒட்டவில்லை.

‘போன வருஷச் சட்டை அவனுக்கு
முட்டிக்கு மேலே ஏறிப்போச்சு.
புதுசு தைத்து வைத்திருந்தேன்.
இது கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறது.
அவன் போட்டுக்கொள்ளாமல் போனான்.’

எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

வெட்டினேன்.
பத்பால் கொடுத்தது,
தன் ஆண்டவன் எஷ்மூனுக்கு,
தன் மகன்
என்ற இடத்தில் உளி நின்றது.
பையன் பெயர் எஷ்மூன்ஷமா.
எஷ்மூன் கேட்டான் என்று பொருள்.
எட்டு வருஷம் மலடி என்று பேர் வாங்கிப்
பெற்ற பிள்ளைக்கு வைத்த பேர்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது.
உளி எங்கே நிற்கிறது என்று தெரிந்தது.

‘அது இருக்கட்டும்.
அவனைக் கூப்பிட்டால் அதுதானே வருகிறது.’

அந்தப் பெயரில் பாம்பு முடிவில் இல்லை, நடுவில்.
வால் தாண்டி இன்னும் மூன்று எழுத்து,
மூன்றாவது ஒரு கண்,
வெறும் வட்டம்.
வட்டம்தான் கஷ்டம், அவசரப்பட்டால் கல் தெறிக்கும்.
வெகுநேரம் வெட்டினேன்.

இடப்பக்கம் ஒரு சாண் காலியாகக் கிடந்தது.
கொடியோ பூவோ போடட்டுமா என்றேன்.
வேண்டாம் என்றாள்.

வெட்டாத பத்து எழுத்துக்கும் சேர்த்தே
கோதுமை அளந்தாள்,
தலை தட்டாமல், குவித்து.

வாங்கிக்கொண்டேன்.