ஒரு பல்லக்கின் அகலம்

அந்தப் படத்தில் ஒரு சொல்
நூற்றுப் பதினேழு முறை வருகிறது.
ஹா.
அவ்வளவுதான். நெற்றி தரையில் படும்போது
தானாக வெளியேறும் காற்று.

குருசுக்குப்பத்து மாடி அறையில்
பதினொரு இரவு அதற்குத் தமிழ் தேடினேன்.
மின்விசிறியை மூன்றில் வைத்தால் தூக்கம் வரும்,
ஐந்தில் வைத்தால் குறிப்புகள் பறக்கும்.
உத்தரவு.
ஆகட்டும்.
சித்தம் பிரபு என்று அடித்ததும்
ஜரிகைத் தலைப்பாகையோடு ஒரு ராஜபார்ட்
அறைக்குள் நுழைந்துவிட்டார். அழித்தேன்.
சரிங்க.
அப்படியே செய்கிறேன், வேண்டுமானால் செத்தும் காட்டுகிறேன்
என்பதுதான் உண்மையான பொருள்.
ஆனால் ஒரு வரிக்கு முப்பத்தாறு எழுத்து,
திரையில் நிற்க ஒன்றேகால் விநாடி.
அதற்குள் யாராலும் செத்துக்காட்ட முடியாது.

கதை சின்னது.
இரண்டு சிற்றரசர்கள், எதிரும் புதிருமாக.
நடுவே ஒரு மரப்பாலம், ஒரு பல்லக்கின் அகலம்.
யார் பின்வாங்குவது?
முன்னொரு போரில் ஒருவருடைய முப்பாட்டன்
மற்றவருடைய முப்பாட்டனுக்குக் குடை பிடித்தாராம்.
எவர் எவருக்கு என்பதில்தான் தகராறு.
மூன்று பகல் மூன்று இரவு.
தூக்கிகள் தோள் மாற்றிக்கொள்கிறார்கள்,
பாலத்திலேயே சோறு வேகிறது,
வாள் பிடிக்க வந்த சாமுராய்கள்
ஆற்றில் இறங்கிக் கோவணம் அலசுகிறார்கள்.
ஒரே கயிற்றில் இரு நாட்டுக் கோவணமும் காய்கிறது.
எது யாருடையது என்று எவருக்கும் தெரியவில்லை.

இடையில் ஓடிக்கொண்டே இருக்கிறார் காரியஸ்தர்,
அங்கே குனிந்து ஒரு ஹா,
இங்கே குனிந்து ஒரு ஹா.
கடைசிப் பதினான்கு ஹாவுக்கு
என்னிடம் சொல் மிச்சமில்லை.
காலியாகவே விட்டேன்.

சனிக்கிழமை மாலை, துமாஸ் வீதி அரங்கு.
ஐப்பசி மழைக்கு ஒதுங்கியவர்களையும் சேர்த்து
நாற்பது தலை இருக்கும்.
மூன்றாம் வரிசையில்
குடையை பிளாஸ்டிக் பையில் சுற்றி
மடியில் வைத்திருந்தார் தபேதார் சவரிராயன்.
முதல் வரிசையில், கைக்குட்டையால் இருக்கையைத் தட்டிவிட்டு
அமர்ந்தவர் சார்புச் செயலர் இளம்பரிதி.
ஒருவர் வந்திருப்பது மற்றவருக்குத் தெரியாது
என்றுதான் நினைக்கிறேன்.

முதல் வெறுமை வந்தது.
காரியஸ்தர் குனிந்தார். திரையின் அடியில் எழுத்தில்லை.
இருட்டிலிருந்து ஒரு குரல்:
"சரிங்கய்யா."
அவர் வேண்டுமென்று சொல்லவில்லை.
முப்பது வருடம் வாயில் குடியிருந்தது,
கதவு திறந்திருந்ததால் எட்டிப் பார்த்தது.
இரண்டாம் வெறுமை. "சரிங்கய்யா."
பின்வரிசைகள் சிரித்தன.
முதல் வரிசையில் ஒரு கழுத்து
மெதுவாகத் திரும்பியது.

அரங்கு அடங்கியது.
படத்தில் மட்டும் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.
திரும்பியதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்பதுபோல்
பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னார் சார்புச் செயலர்:
"அந்த ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க."
அதே நொடியில் திரையில் காரியஸ்தர் குப்புற விழுந்தார்,
அதே நொடியில் சவரிராயன்,
"சரிங்கய்யா."

அப்புறம் யாரும் படம் பார்க்கவில்லை.
லூர்துநாதன் புரொஜெக்டர் மேசையில் தலை கவிழ்ந்து குலுங்கினார்.
சவரிராயன் வாயைப் பொத்திக்கொண்டார்,
விரலிடுக்கில் சிரிப்பு ஒழுகியது.
எல்லோருக்கும் பிறகு, கணக்குப் பார்த்து ஒப்புதல் தருவதுபோல்,
முதல் வரிசைத் தோள்களும் குலுங்கின.

பாலம் என்ன ஆனதென்று கேட்டால்
பார்த்த நாற்பது பேரும் விழிப்பார்கள்.
எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

விளக்கு எரிந்தது. வாசல் ஒன்று,
அதில் ஒரு பாதிக்கதவு மழையில் ஊதி இறுகிவிட்டது.
இருவரும் ஒரே நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.
"நீங்க போங்கய்யா."
"பரவாயில்ல, நீ போ."
"ஐயா முன்னாடி..."
"அட, போங்கறேன்ல."
உத்தரவை மீறிப் பின்னால் நிற்பதா,
உத்தரவுப்படி முன்னால் போவதா?
சவரிராயன் குடையை இந்தக் கையிலிருந்து
அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

பின்னால் நாங்கள் இத்தனை பேர்.
யாரோ தரையில் உட்கார்ந்து
முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்.