சித்தெ தள்ளி நில்லுங்க

எங்கள் ஜாஸ் குழுவில் ஆறு பேர்.
போத்தனூர் ரயில்வே காலனி டெரன்ஸுக்கு சாக்ஸபோன்,
கரும்புக்கடை ஜாபருக்கு டிரம்ஸ்,
இரண்டு பேர் மாறிக்கொண்டே இருப்பார்கள்.
எனக்கு என்னைவிட உயரமான பேஸ்.
அதை வெங்காய மூட்டைபோல் அணைத்துப் பிடித்தால்தான்
விரலுக்கு ஏதாவது சொல்லத் தோன்றும்.

ஆறாவது ஆள் கஸ்தூரி.
கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை.
அஞ்சு எச்பி, ஏழரை எச்பி,
ஆயிரம் அடி ஆழத்தில் கருகிய மோட்டார்களின் வயிற்றில்
செம்புக்கம்பியைச் சுற்றிச் சுற்றி எண்ணுகிறவள்.
வாத்தியத்துக்கும் அவளே காயில் கட்டினாள்.
பெயர் தெரமின்.
ஒரு பெட்டி. நட்டுக்குத்தலாய் ஒரு கம்பி.
பக்கவாட்டில் வளையமாய் இன்னொன்று.
எதையும் தொடுவதில்லை.
வலது கை காற்றில் சிக்கெடுக்கும்,
இடது கை பொங்குகிற பாலை அமர்த்தும்.
மனுசக் குரலுக்கும் மரம் அறுக்கும் ரம்பத்துக்கும்
நடுவிலிருந்து ஒன்று நீந்தி வரும்.

சனிக்கிழமை அவிநாசி ரோடு ஓட்டலில் வாசிப்போம்.
மேனேஜர் முதல் நாள் சொன்னது:
'அந்த ஸ்டெபிலைசர எடுத்து ஓரமா வைங்க.'

மழை வந்தால் அதற்கு ஒரு சுருதி, ஏசி போட்டால் இன்னொன்று.
வெயிட்டர் தட்டோடு கடந்தால் கால் சுரம் ஏறும்.
ஒரு நாள் மெதுவான பாட்டு ஒன்றில்
என்னை அறியாமல் அவள் பக்கம் நகர்ந்துவிட்டேன்.
கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
'சித்தெ தள்ளி நில்லுங்க.'

நின்றேன். இரண்டடி.
அந்த வாக்கியம் எனக்குப் பழக்கம்தான்.
எங்கள் தோட்டத்துக் களத்தில்
அது எப்போதும் ஒரே திசையில்தான் போகும்,
எங்கள் வாயிலிருந்து வெளியே.

பிறகு அன்னூரில் மாமன் மகள் வரவேற்பு.
கெட்டிமேளம் காலையில் முடிந்துவிட்டது, சாயந்தரம் நாங்கள்.
கஸ்தூரி சுருதி பார்த்துக்கொண்டிருந்தாள்.
நாச்சிமுத்து மாமன்
இஸ்திரி கலையாத வேட்டியோடு மேடை ஏறி வந்தார்.

'அம்முணி எந்த ஊரு?'
ஒரு எட்டு. பெட்டி அரை சுரம் ஏறியது.
'கணபதிங்க.'
'அது பொழைக்க வந்த ஊரு. பூர்வீகம்?'
இன்னொரு எட்டு. முழு சுரம்.
'அவிநாசி பக்கமுங்க.'
'ஊருக்குள்ளயா, அந்தாண்டயா?'

வீல் என்றது பெட்டி.
பந்தியில் ரசம் ஊற்றிய கரண்டி நின்றது.
'சித்தெ தள்ளி நில்லுங்க,
சுருதி கெடுது' என்றாள் கஸ்தூரி.

மாமன் தள்ளினார். சத்தம் இறங்கியது.
அட கெரகமே என்று மறுபடி முன்னால் வந்தார். ஏறியது.
பின்னால் போனார். இறங்கியது.
முன்னால். பின்னால்.
கேள்வி அவருக்கே மறந்துபோயிற்று.
டெரன்ஸ் அந்த ஏற்ற இறக்கத்தைக் கவ்விக்கொண்டான்.
ஜாபர் பிரஷ்ஷால் தோலைத் தடவ ஆரம்பித்தான்.
நான் பேஸில் நாலு சுரத்தை நடக்க விட்டேன்.
ஏழு நிமிசம்
அறுபத்தெட்டு வயது வெள்ளை வேட்டி ஒன்று
தான் வாத்தியமாகியிருப்பது தெரியாமல்
ஒரு பெண்ணின் முன்னால் போய்ப் போய் வந்தது.
மண்டபமே கை தட்டியது.
தனக்குத்தான் என்று கும்பிட்டார்.

பதினோரு மணிக்கு வயரைச் சுருட்டும்போது
கவரோடு வந்தார்.
கஸ்தூரி கையை நீட்டினாள்.
அவர் அதைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு
கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சுவிட்சு அணைத்திருந்தது.
பெட்டி சத்தம் போடவில்லை.
நான் பேஸைக் கட்டிப்பிடித்து நின்றேன்.

கோவில்பாளையம் தாண்டும் வரை
வேனில் யாரும் பேசவில்லை.
கஸ்தூரி செல்போன் வெளிச்சத்தில் எண்ணினாள்,
காயில் சுற்று எண்ணுகிற அதே நிதானம்.
'இருநூறு கம்மி' என்றாள்
என்னைப் பார்த்து.